பிரசுரத்தை நம்பிய பெரியவரும் அம்மாளும்

(தொழிற்சங்கக் கட்டிடத்தில் ஒரு பிரிட்டிஷ் கார்ட்டூன் படம் காட்டப்பட்ட பின் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இப்போது பார்த்த படத்தின் பெயர் 'வென் தி விண்ட் ப்ளோஸ்'. தமிழில் 'காற்று வீசும்போது' என்று சொல்லலாம். 1986-ல் பிரிட்டனில் எடுக்கப்பட்டது. கார்ட்டூன் படம் என்றதும் பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் வேடிக்கை என்று நினைத்து வந்தவர்கள் நம்மில் பலர். பூனையும் இல்லை, எலியும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அவருடைய சம்சாரம், கிராமப்புறத்தில் ஒரு சின்ன வீடு. கடைசி வரை இந்த இரண்டு பேர்தான். ஏவுகணையும் நீர்மூழ்கிக் கப்பலும் சில கணம் தலை காட்டிவிட்டுப் போகின்றன. யார் முதலில் குண்டு போட்டது என்றுகூடப் படம் சொல்லவில்லை. வசனம் இங்கிலீஷ் ஆனதால் விட்டுப்போன விஷயங்கள் பல இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

இதை முதலில் படக்கதையாக எழுதி வரைந்தவர் ரேமண்ட் பிரிக்ஸ். 1982-ல் அது புத்தகமாக வந்தது. பிரிக்ஸ் 1934-ல் பிறந்து 2022-ல் காலமானவர். அவருடைய தகப்பனார் லண்டனில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். தாயார் கல்யாணத்துக்கு முன் பணக்காரர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். அந்த இருவரையும் மனத்தில் வைத்துத்தான் ஜிம், ஹில்டா என்ற இந்த ஜோடியை அவர் உருவாக்கினார். அவருடைய முந்தைய புத்தகம் ஒன்றிலும் இவர்கள் வருகிறார்கள். அதில் ஜிம் பொதுக் கக்கூஸ் கழுவும் தொழிலாளி. படத்தை இயக்கியவர் ஜிம்மி முராகாமி, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளை. ஜப்பானோடு யுத்தம் மூண்டதும், சிறுவனாயிருந்த அவரையும் அவர் குடும்பத்தையும் அமெரிக்க சர்க்கார் டூலி லேக் என்ற முகாமில் முள்வேலிக்குள் அடைத்துப் போட்டது. அவர்கள் செய்த குற்றம் ஜப்பானிய வம்சத்தில் பிறந்ததுதான்.

கதையை நாம் பார்த்தோம். ஆனாலும் சில இடங்களை மறுபடி நினைத்துப் பார்ப்போம்.

ஜிம் பெரியவர் நூல் நிலையத்துக்குப் போய்ப் பத்திரிகை படிக்கிறார். மூன்று நாளில் யுத்தம் வரலாம் என்கிறார்கள். அங்கே கிடைத்த சர்க்கார் பிரசுரங்களைக் கொண்டுவருகிறார். வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் 60 டிகிரி கோணத்தில் சாய்த்து, அதன்மேல் மெத்தையும் தலையணையும் அடுக்கி, அதற்குள் புகுந்துகொள்ள வேண்டும் என்று பிரசுரம் சொல்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறது. பெரியவர் அப்படியே செய்கிறார். ஹில்டா அம்மாளுக்கோ திரைச்சீலையில் பெயிண்ட் பட்டுவிடுமே என்று கவலை, நல்ல மெத்தைகள் அழுக்காகிவிடுமே என்று கவலை. கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. மகனுக்கு டெலிபோன் செய்து, நீயும் கதவைக் கழற்று என்கிறார் பெரியவர். மகன் சிரிக்கிறான். நம் பிள்ளை பொறுப்பில்லாமல் பேசுகிறானே என்று தகப்பனுக்கு வருத்தம்.

பிறகு ரேடியோ சொல்கிறது, இன்னும் மூன்று நிமிஷம் என்று. அம்மாள் வெளியே கொடியில் காயும் துணியை எடுக்கப் போகிறேன் என்கிறார். அடுப்பில் கேக் கருகிவிடும் என்கிறார். நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்திய ஒரு தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அந்த மூன்று நிமிஷத்தில் வேறு என்ன தோன்றும்? மழை வந்தாலும் புயல் வந்தாலும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் ஓடுவது கொடிக்கும் அடுப்புக்கும்தான்.

குண்டு விழுந்த பிறகு வருவதுதான் படத்தின் உயிர். இருவரும் சாகவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. மின்சாரம் இல்லை. பால் வரவில்லை, பத்திரிகை வரவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு சர்க்கார் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். மழை பெய்கிறது. சுத்தமான மழைத் தண்ணீர் என்று பிடித்துக் குடிக்கிறார்கள். வெளியே வந்து நாற்காலி போட்டு வெயில் காய்கிறார்கள். எங்கிருந்தோ இறைச்சி வேகும் வாசனை வருகிறது. யாரோ ஞாயிற்றுக்கிழமை விருந்து சமைக்கிறார்கள் போலிருக்கிறது என்கிறார்கள். அது என்ன வாசனை என்று நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் நம் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அம்மாளின் ஈறில் ரத்தம் வருகிறது. பல் செட் சரியில்லை என்கிறார் பெரியவர். மலத்தில் ரத்தம் போகிறது. மூலம் என்கிறார். காலில் ஊதா நிறப் புள்ளிகள் வருகின்றன. வயசானால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் என்கிறார். தலைமுடி கொத்தாகக் கையோடு வருகிறது. பெண்களுக்கு வழுக்கை விழாது, கவலைப்படாதே என்கிறார்.

இது கற்பனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அணுகுண்டின் கதிரியக்கம் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தைக் கெடுக்கிறது. ரத்தம் உறையும் சக்தி போகிறது. நோயை எதிர்க்கும் சக்தி போகிறது. குடலின் உட்தோல் உரிகிறது. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று தீக்காயம் ஒன்றும் படாமல் தப்பித்தோம் என்று வீடு போய்ச் சேர்ந்தவர்கள், மூன்றாவது நான்காவது வாரத்தில் முடி கொட்டி, ஈறில் ரத்தம் வழிந்து செத்தார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் அங்கே மாண்டவர்கள் சுமார் 1,40,000 பேர். வில்பிரட் பர்செட் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் செப்டம்பர் ஆரம்பத்திலேயே யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்காமல் ரயில் ஏறிப் போய், ஆஸ்பத்திரியில் கண்டதை எழுதினார். செப்டம்பர் 5 அன்று லண்டன் பத்திரிகையில் அது வெளிவந்தது. உடனே அமெரிக்க ராணுவ அதிகாரிகள், கதிரியக்க நோய் என்று ஒன்றும் கிடையாது என்று மறுத்தார்கள். அன்று அதிகாரிகள் உலகத்துக்குச் சொன்ன பொய்யைத்தான், நாற்பது வருஷம் கழித்து இந்தப் படத்தில் ஒரு ஏழைப் பெரியவர் தம் சம்சாரத்துக்கு அன்போடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, இந்தப் பெரியவர் முட்டாளா?

படம் ஓடும்போதே சில தோழர்கள் சிரித்தீர்கள். நியாயமான சிரிப்புதான். பிரிக்ஸும் சிரிக்க வைக்கத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் அந்த மனிதருக்குப் பிரசுரத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவரே சொல்கிறார்: போன யுத்தத்தில் பிழைத்தோமே, தோட்டத்தில் ஆண்டர்சன் குழி இருந்ததே, பங்கீட்டு ரேஷன் இருந்ததே! ருஷ்யர்கள் அன்று நம் பக்கம் நின்றார்களே என்பதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அவர்களே எதிரி என்று பத்திரிகை சொல்கிறது. அவர் ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொள்கிறார்.

இந்த ஆண்டர்சன் குழி விவகாரம் நமக்குத் தெரிய வேண்டிய ஒன்று. நெளிவுத் தகரத்தை வளைத்துத் தோட்டத்து மண்ணில் பாதி புதைத்து ஆறு பேர் பதுங்கும் குழி அது. குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசம். அதற்குப் பெயர் கொடுத்த சர் ஜான் ஆண்டர்சன் யார்? 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் கவர்னராக இருந்து அங்கே புரட்சி இளைஞர்களை அடக்குமுறையால் நசுக்கியவர். 1934-ல் டார்ஜிலிங் பக்கம் குதிரைப் பந்தய மைதானத்தில் அவரைச் சுட முயன்றார்கள். தப்பித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் பிரிட்டிஷ் ஜனங்களை விமானத் தாக்குதலிலிருந்து காப்பாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது.

தகரக் குழி போதாது, நகரத்து ஏழைகளுக்குத் தோட்டமே கிடையாதே, பூமிக்கடியில் ஆழமான பொதுப் புகலிடம் கட்டு என்று அன்று போராடியவர்களில் முன்னால் நின்றவர் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன். ஸ்பெயின் யுத்தத்தில் பாசிஸ்ட் விமானங்கள் ஊர்களின் மேல் குண்டு போட்டதை நேரில் கண்டு வந்து, 1938-ல் இது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிறகு பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் நம் நாட்டுக்கே வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமான அதே ஹால்டேன்தான். சர்க்கார் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. செலவு அதிகம் என்றது.

1940 செப்டம்பரில் லண்டன் மேல் குண்டுமழை ஆரம்பித்தது. முதலில் அடி வாங்கியது கிழக்கு லண்டன், துறைமுகத் தொழிலாளிகளின் பேட்டை. செப்டம்பர் 14 இரவு, கம்யூனிஸ்ட் தோழர் பில் பிராட்டின் தலைமையில் அந்தப் பேட்டைத் தொழிலாளிகள் பெண்டு பிள்ளைகளோடு கிளம்பி, சவாய் என்ற பெரிய ஆடம்பர ஹோட்டலுக்குள் புகுந்தார்கள். அங்கே பணக்காரர்களுக்குக் கட்டில் மெத்தையோடு தரைக்கடியில் பந்தோபஸ்தான புகலிடம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் இதில் இடம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஹோட்டல் சிப்பந்திகள், அவர்களும் தொழிலாளிகள்தானே, தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பூமிக்கடியில் ஓடும் ரயில் ஸ்டேஷன்களைப் புகலிடமாக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்லியிருந்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள், மேலே ஏறி வரவில்லை. கடைசியில் சர்க்கார் பணிந்தது. அந்த ஸ்டேஷன்களில் படுக்கையும் கக்கூசும் பிறகு அமைக்கப்பட்டன. பிராட்டினை 1945-ல் அதே கிழக்கு லண்டன் ஜனங்கள் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

ஜிம் பெரியவர் அந்த யுத்தத்தில் பிழைத்தார் என்றால், அதில் இந்தப் போராட்டங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் மனத்தில் சர்க்காரின் தாள் மட்டும் தங்கியிருக்கிறது. போராடி வாங்கியது கொடையாகக் கொடுத்தது போல் ஆகிவிட்டது. நம் ஊரிலும் பஞ்சப்படியையும் எட்டு மணி வேலையையும் முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததாக நம்புகிறவர்கள் இல்லையா?

இனி அந்தப் பிரசுரத்துக்கு வருவோம். படத்தில் வரும் கதவு வைத்தியம் பிரிக்ஸின் கற்பனை இல்லை. 'பாதுகாத்துப் பிழைத்திரு' என்று பொருள்படும் பெயரில் பிரிட்டிஷ் சர்க்கார் 1980-ல் வெளியிட்ட உண்மையான பிரசுரத்தில் இருப்பதுதான். கதவைச் சாய்த்து, மண் மூட்டையும் புத்தகமும் துணியும் அடுக்கச் சொல்கிறது அது. 14 நாளைக்கு உணவும் தண்ணீரும் சேர்த்து வைக்கச் சொல்கிறது. வீட்டை விட்டுப் போகாதே என்கிறது. வீட்டில் யாராவது செத்தால் பிரேதத்தை வேறு அறைக்குக் கொண்டுபோய்ச் சுற்றி வைத்து, பெயரும் விலாசமும் எழுதிக் கட்டிவிடு என்கிறது. ஐந்து நாள் ஆகியும் உத்தரவு ஒன்றும் வராவிட்டால் குழி தோண்டிப் புதைத்து அடையாளம் வை என்கிறது. இதை ஜனங்களுக்கு விளக்க சர்க்காரும் 1970-களிலேயே கார்ட்டூன் துண்டுப் படங்கள் எடுத்து, யுத்தம் நெருங்கினால் காட்டுவதற்காகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. ஆகவே பிரிக்ஸும் முராகாமியும் கார்ட்டூனுக்குக் கார்ட்டூனால் பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கதவு ஒன்றுதான் இருக்கிற வீட்டில் எதைக் கழற்றிச் சாய்ப்பது என்று ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர் படத்தின் நடுவிலேயே கேட்டார். இங்கிலாந்தில் வாடகை அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருந்தவனும் அதே மாதிரிக் கேள்வியைத்தான் கேட்டிருப்பான்.

பிரசுரம் எழுதியவர்கள் தங்களுக்கு என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள்? அங்கேதான் சங்கதி இருக்கிறது. வில்ட்ஷயர் பிரதேசத்தில் கோர்ஷம் என்ற ஊருக்கடியில், கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கத்தில், 1950-களின் பிற்பகுதியில் ஒரு ரகசிய நகரமே கட்டினார்கள். மந்திரிகளும் அதிகாரிகளுமாகச் சுமார் 4,000 பேர் மூன்று மாதம் வெளியே வராமல் இருந்து ராஜ்யபாரம் செய்வதற்கு! சமையல் கூடம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, டெலிபோன் நிலையம் உண்டு. 2004 வரை அது ரகசியப் பட்டியலில் இருந்தது. மாகாண அதிகாரிகளுக்குத் தனிச் சுரங்கங்கள். அவற்றில் ஒன்று ரெடிங் நகரத்துப் பக்கம் வாரன் ரோ என்ற கிராமத்தில் இருப்பதைச் சமாதான ஊழியர்கள் சிலர் கண்டுபிடித்து, 1963-ல் ஈஸ்டர் சமயத்தில் பிரசுரம் போட்டு ஊர் முழுக்க வெளிச்சமாக்கினார்கள். அதிகாரிக்குப் பாறைச் சுரங்கம், பால்காரனுக்குக் கதவு. ஹால்டேன் 1938-ல் ஜனங்களுக்குக் கேட்ட ஆழமான புகலிடம் கடைசியில் கட்டத்தான் பட்டது. கட்டியது யாருக்கு என்பதைப் பார்த்தோம்.

பழைய கதை, வெள்ளைக்காரன் தேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. உலகத்தில் இப்போதும் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ருஷ்யாவிடமும். சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது, குண்டுகள் கலையவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கு 150-க்கு மேல் வைத்திருக்கின்றன. 2025 மே 7 அன்று, இரு நாடுகளுக்கும் மோதல் மூண்ட நாளில், சைரன் ஊதி விளக்கணைத்து ஒத்திகை நடத்தும்படி 244 மாவட்டங்களுக்கு உத்தரவு போயிற்று. நம் பக்கத்தில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. விமானத் தாக்குதலுக்கு ஒத்திகை பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அணுகுண்டுக்கு எந்த ஒத்திகையும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை.

படத்தின் மேல் நமக்கு ஒரு புகார் உண்டு. ஜிம்முக்கும் ஹில்டாவுக்கும் பக்கத்து வீடே கிடையாதா? அந்தப் பெரியவர் எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லையா? ஒரு ஊர்க் கூட்டம், ஒரு துண்டு நோட்டீஸ், ஒரு ஊர்வலம் கண்ணில் படவில்லை. தனித்தனியாக இருக்கும் ஜனங்கள் எப்படிச் சாவார்கள் என்பதைப் படம் காட்டுகிறது. அதில் அதற்கு நிகரில்லை. கடைசியில் இருவரும் காகிதச் சாக்குக்குள் புகுந்து, ஞாபகம் வராத ஜெபத்தை முனகும்போது நமக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் பிரிக்ஸ் இதை வரைந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் பிரிட்டிஷ் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அது படத்தில் இல்லை. ஆகவே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கார் பிரசுரம் வந்த அதே 1980-ல், சரித்திர ஆசிரியர் ஈ. பி. தாம்ஸன், 'எதிர்த்துப் பிழைத்திரு' என்று பெயரை மாற்றிப் போட்டு ஒரு பதில் பிரசுரம் எழுதினார். தாம்ஸன் 1956-ல் கட்சியை விட்டுப் போனவர். அந்தச் சச்சரவு இங்கே வேண்டாம். பிரசுரம் நல்ல பிரசுரம். மான்செஸ்டர் நகரசபை தன் எல்லைக்குள் அணு ஆயுதம் கூடாது என்று 1980-லேயே தீர்மானம் போட்டது. வேறு பல சபைகளும் பின்தொடர்ந்தன. 1982-ல் சர்க்கார் நாடு தழுவிய பெரிய யுத்த ஒத்திகை ஒன்றை அறிவித்தது. பல கவுன்சில்கள், இந்த ஏமாற்று வித்தையில் நாங்கள் சேரமாட்டோம் என்று மறுத்துவிட, சர்க்கார் அதைக் கைவிட நேர்ந்தது. 1983-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமே, அணு யுத்தம் வந்தால் நாட்டின் ஆஸ்பத்திரிகளால் சமாளிக்க முடியாது என்று அறிக்கை வெளியிட்டது. ஜிம் பெரியவர் நாள் முழுக்க எதிர்பார்த்துக் காத்திருந்தாரே, அந்த ஆம்புலன்ஸ் வராது என்று டாக்டர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கிரீன்ஹாம் காமன் என்ற இடத்தைப் பற்றி, முக்கியமாக விவசாயத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம், நம் பாஷையில் மேய்ச்சல் புறம்போக்கு. 1941-ல் யுத்தத்துக்கு விமான தளம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்தது. அமெரிக்க விமானப்படை வந்து குடியேறியது. 1979 டிசம்பரில் நேட்டோ கூட்டணி ஐரோப்பாவில் புதிய அமெரிக்க ஏவுகணைகளை நிறுத்த முடிவு செய்தது. அதில் 96 இந்த மேய்ச்சல் நிலத்துக்கு.

1981-ல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்திலிருந்து ஒரு சின்னப் பெண்கள் கூட்டம் கால்நடையாகக் கிளம்பி, செப்டம்பர் மாதத்தில் அங்கே வந்து சேர்ந்தது. பேசக் கூப்பிட்டார்கள், சர்க்கார் வரவில்லை. அங்கேயே முகாம் போட்டுவிட்டார்கள். மழை, சேறு, பனி, போலீஸ், கோர்ட்டு, சிறை எல்லாம் உண்டு. முதலாளித்துவப் பத்திரிகைகள் அந்தப் பெண்களைக் கேவலமாக எழுதின. 1982 டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் வந்து, தளத்தின் ஒன்பது மைல் வேலியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். குழந்தைகளின் சட்டையும் போட்டோவும் கொண்டுவந்து அந்தக் கம்பி வேலியில் கட்டினார்கள். ஹில்டா அம்மாள் கொடியிலிருந்து எடுக்க ஓடினாரே, அதே மாதிரித் துணிகள்.

அப்படியும் 1983 நவம்பரில் ஏவுகணை வந்து சேர்ந்தது. பெண்கள் போகவில்லை. 1987 டிசம்பரில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இந்த ரக ஏவுகணைகளை ஒழிக்க ஒப்பந்தம் போட்டன. 1991 மார்ச்சில் கிரீன்ஹாமிலிருந்து கடைசி ஏவுகணை போயிற்று. முகாம் 2000-ஆம் வருஷம் வரை இருந்தது. அந்த ஒப்பந்தத்தை 2019 ஆகஸ்டில் அமெரிக்கா உதறிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கிரீன்ஹாமில் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். நிலம் மறுபடி பொது நிலமாயிற்று. மாடு மேய்கிறது. ஏவுகணை வைத்திருந்த கான்கிரீட் கொட்டடிகளை மட்டும் இடிக்கவில்லை. மேலே புல் முளைத்து அங்கேயே நிற்கின்றன.

இனித் தோழர்கள் கேள்வி கேட்கலாம். ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேளுங்கள்.